இடது கை என்று எழுதினேன்

மணலி புதுநகரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் ட்யூஷன் நடத்துகிறேன். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ரிஃபைனரி வாடையோடு காற்று இந்தப் பக்கம் திரும்பும் நாளில் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடக்கும்.

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் நான் முதலில் சொல்லித் தருவது 'ஹேஸ்' வைத்து வாக்கியம் அமைப்பதை. பசுவுக்கு இரண்டு கொம்பு இருக்கிறது. அக்காவுக்கு நீளமான முடி இருக்கிறது. தமிழில் கொம்பும் முடியும் தாமாக இருக்கும். ஆங்கிலத்தில் அப்படி விட முடியாது. யாருடையதோ அவர் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்து நிற்க வேண்டும். "ஆளை முதல்ல நிறுத்துங்க, அப்புறம் அவங்க கிட்ட இருக்கிறதைச் சொல்லுங்க" என்பேன். எத்தனையோ வருடம் இதையே சொல்லியிருக்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், அப்போது ஆறாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைத் தேடி வந்தார். கன்டெய்னர் யார்டு கேன்டீனில் வேலை பார்ப்பவர். கணவர் வெல்டர், வளைகுடாவில் ஒரு கப்பல் பழுது பார்க்கும் இடத்துக்குப் போய் ஒன்றரை வருடமாகியிருந்தது. வேலையாட்களை ஏற்றிப் போன படகு கவிழ்ந்து மூன்று பேரைக் காணவில்லை என்று தகவல் வந்திருந்தது. அந்த மூவரில் இவர் கணவரும் ஒருவர். அங்கே இருக்கும் நம் தூதரகத்துக்கு அடையாளங்களை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொன்னார்களாம். வீட்டில் இருந்த படங்களில் எல்லாம் அவர் முழுக்கைச் சட்டையோடு இருந்தார்.

எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முன்பல் ஒன்று மூளியாக இருக்கும். ரெண்டு காதிலும் ஓட்டை இருக்கும். மீசையில் ஒரு பக்கம் மட்டும் நரை. எல்லாவற்றையும் 'ஹி ஹேஸ்' என்றே தொடங்கினேன். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற அதே வாக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த 'ஹி' எழுதும்போது அவர் வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்பது போல இருந்தது.

கடைசியாகக் கணவரின் கையில் இருந்த தீத்தழும்பை அந்த அம்மா வாயால் சொல்லவில்லை. தன் இடது கையை நீட்டி, முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை தடவிக் காட்டினார். இடது கை என்று எழுதினேன். அவர் காட்டியது, எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் கணவரின் கையை. எதிரில் இருப்பவரின் வலது கை நம் இடது கைப் பக்கம்தான் இருக்கும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

பதினைந்து நாள் கழித்துத் தூதரகத்திலிருந்து என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. ஒரு உடல் கரை ஒதுங்கியிருக்கிறது, முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது என்று இருந்தது. கீழே வரிசையாக, உடலுக்கு மூளியான முன்பல் இருக்கிறது, உடலுக்குக் காதில் துளை இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதே 'ஹேஸ்'. ஆள் நின்ற இடத்தில் உடல் என்ற சொல் மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தேன். பல் என்றதும் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். காது என்றதும் பிடி இறுகியது. தழும்பு வலது கையில் என்று இருந்தது. நான் வலது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. "கையில இருக்கிற தழும்பு மட்டும் ஒத்துப்போகல" என்றேன்.

"அப்போ அது அவரு இல்லதானே டீச்சர்?"

"இல்ல" என்றேன்.

எப்படி ஒத்துப்போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். வேண்டுமென்றால் மகளின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கலாம் என்றும் அந்தப் பதிலில் இருந்தது. அதைச் சொன்னதற்கு, "வேற யாரோ பெத்த புள்ள அது, அதுக்கு எதுக்கு எம்பொண்ண குத்தணும்" என்றார். இவர் இல்லை என்று நானே பதில் எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவர் முகத்தில் தெளிவு வந்தது. கணவரின் போன் நம்பர் செத்துவிடக் கூடாது என்று ரீசார்ஜ் செய்துவந்தார். ஞாயிறு தவறாமல் எனக்கு மீன் வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வேறு ஏதாவது நாட்டுக் கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கும், மொழி தெரியாமல் எங்கேயோ இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இரண்டு மாதம் போயிருக்கும். வீட்டில் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். நோட்டுகளை அடுக்கி வைத்து வேகமாகத் திருத்திக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். அப்பாவுக்கு மீசை இருக்கிறது. அப்பாவுக்கு வலது கையில் தழும்பு இருக்கிறது, அது பிறை நிலா மாதிரி இருக்கும். 'ஹேஸ்' சரியாக வந்திருக்கிறது என்று டிக் போட்டு, வழக்கம்போலக் கீழே சிவப்பு மையில் கையெழுத்தும் தேதியும் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்று கையை நீட்டிப் பார்த்தேன்.

பத்தொன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர் கொண்டுவந்த மீனையும் வாங்கிக்கொண்டேன். உரிமை கோர யாரும் வராவிட்டால் உடலை அங்கேயே அடக்கம் செய்யப்போகிறோம் என்று தூதரகத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். எந்தக் கை என்று கேட்டேன். "சோத்தாங்கை" என்றார். நான் இடது என்று எழுதியதைச் சொன்னேன்.

வெகுநேரம் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எப்போ தெரிஞ்சிது டீச்சர்?"

"நேத்துதான். பாப்பா நோட்டு திருத்தும்போது."

"நான்தான் சரியா காட்டாம வுட்டுட்டேன் போல கீது" என்றார்.

இல்லை, உங்கள்மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ரத்தச் சோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன்.

மகளிடம் ரத்தம் எடுத்தார்கள். பொருந்தியது. ஒரு மாதத்தில் விமான நிலையத்துக்குப் பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு முன்னால் பெட்டியை இறக்கி வைத்தபோது, தலை எந்தப் பக்கம் என்று அந்த அம்மா கொண்டுவந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் காட்டியதும் சுற்றிக்கொண்டு கணவரின் வலது கைப் பக்கம் போய் உட்கார்ந்து, பலகைமேல் உள்ளங்கையை வைத்தார். பெட்டியைத் தூக்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

காரியம் முடிந்து மகள் மறுபடி ட்யூஷனுக்கு வந்தபோது புது நோட்டு கொண்டுவந்தாள். பழையதில் பாதிக்கு மேல் எழுதாத பக்கங்கள் இருந்தது எனக்குத் தெரியும். பழைய நோட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் அம்மா அதிகம் படிக்காதவர்தான். சிவப்பு மையில் போட்ட தேதியைப் படிக்கத் தெரியும்.

அடுத்த வருடம் அவர்கள் வியாசர்பாடி எம்.கே.பி. நகருக்கு, அவருடைய அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோனார்கள். நானும் தேடிப் போகவில்லை. போன மாதம் ராயபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரில் வந்தார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள் என்றார். என் கண்ணாடியைப் பார்த்து, பவர் ஏறிடுச்சா என்று கேட்டார்.

"பொண்ணு காலேஜு போகச்சொல்ல அப்ளிகேஷன் எல்லாம் இங்கிலீசுல கேப்பாங்கோ. நீங்களே எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார்.

அதை எப்படிச் சொன்னார் என்று அன்றிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். குரலில் ஒன்றும் இல்லை. நான் பதில் சொல்வதற்குள் வியாசர்பாடி பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பஸ் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.