சீழ் தட்டுல கொழைச்ச சந்தனம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, வாயி இருக்கு, சொல்லிகினு போறேன். எங்க வூட்டுக்காரரு திருத்தணி சத்திரத்துல சமையலு. கொதிக்கிற பொங்கல் கால்ல கொட்டிடுச்சுன்னு ஆஸ்பத்திரில சேத்தோம். அப்பல்லாம் எந்தப் புண்ணுக்கும் பென்சிலின் ஊசிதான்.

முருகன் மலைக் கோயில் சந்தனம் தடவினா புண்ணு ஆறும்னு எங்களுக்கு நம்பிக்கை. கட்டிலுக்கடியில ஒரு வெள்ளத் தட்டு பளபளன்னு இருந்துச்சு. அதுல கொழைச்சு அவரு புண்ணுல தடவினேன். பக்கத்துக் கட்டில்ல திருவாலங்காட்டு ஆளு, கரும்பு வெட்டறப்போ கால வெட்டிகினவரு. "எனக்கும் வையிம்மா"ன்னாரு. அதே தட்டு, அதே வெரலு.

நாலாம் நாளு ரெண்டு பேருக்கும் மஞ்சளா சீழு. செத்த எலி நாத்தம். ஊசி மேல ஊசி போட்டும் அடங்கல. நர்சம்மா தட்டப் பாத்துட்டுக் கத்தினாங்க. "ஐயோ, இது சீழ ஏந்திப் புடிக்கிற தட்டு! கழுவினாலும் கிருமி ஒட்டிகினு இருக்கும். இங்க இருக்கிறது பென்சிலினுக்கே சாவாது. ரெண்டு பேரு காலையும் எடுக்கணுமோ என்னமோ!"

அந்தக் கையாலதான் காலையில இட்லி தின்னேன். கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன். அப்புறம் பக்கத்துக் கட்டில் ஆளுகிட்ட போயி, "நான்தான் கெடுத்தேன்"னு அழுதேன்.

தெனமும் நர்சம்மா சீழக் கீறிக் கழுவினாங்க. நான் வெந்நீ வெச்சு ரெண்டு கட்டிலையும் தேய்ச்சேன். முருகன் புண்ணியம், ரெண்டு காலும் பொழச்சுது!

வூட்டுக்குப் போறப்போ அந்தாளு சிரிச்சிகினே நெத்திய நீட்டினாரு. "இப்ப வையிம்மா சந்தனம்."

எனக்கு சந்தோசம் தாங்கல. "ஆங், இரு நைனா"ன்னுட்டு, சோப்பத் தேடிகினு கொழாயண்ட ஓடினேன்.