பதினான்கு சால்வைகள்

பிஷப் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்றதும் எங்கள் தமிழ்ச் சபையில் ஆளாளுக்குச் சால்வை போடும் ஆசை வந்துவிட்டது. சபைச் செயலாளர் என்பதால் பட்டியல் எழுதியது நான்தான். பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு, விமான் நகர் ஜெபக்குழு என்று நீண்டது. ஒருவரை விட்டால் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பதினான்கு சால்வை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிரியாவிடை ஆராதனை முடிந்து அவர் விஷ்ராந்த்வாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு நற்கருணை கொடுக்க வேண்டும். அப்பா வாய்விட்டுக் கேட்டிருந்தார். பிஷப்பும் போனில் சம்மதித்திருந்தார்.

பட்டறை வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தவர் அவர். முதல் சபை எங்களுடையது. ஓட்டை ஸ்கூட்டரில் வருவார், எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடுவார், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அன்றைக்கே போய் நிற்பார். பிஷப் தேர்தலின்போது அப்பா அவருக்காக ஓட்டுப் போடுகிறவர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கி, பாதிப் பேரிடம் கெட்ட பெயர் வாங்கினார். பதவி வந்தபின் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போகிற இடமெல்லாம் ஜனங்கள் மாலையோடு நின்றால் மனிதர் எங்கே வருவார்?

அன்று ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு பேச்சு, ஒரு போட்டோ. பிஷப் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மைக் என் கையில்தான் இருந்தது, ஒன்பதாவதோடு நிறுத்தியிருக்கலாம். பத்தாவது பெயரை வாசித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

கார் அருகே வந்ததும் அவர் என் தோளைத் தொட்டார். "தம்பி, சிஞ்ச்வட்ல பன்னெண்டு மணிக்கு ஆராதனை. காத்திட்டிருக்காங்க. அப்பாவ இன்னொரு நாள் கண்டிப்பா வந்து பாக்குறேன்."

"எந்த நாள்யா? அடுத்த மாசம் ரிட்டயர் ஆயிருவீங்களே!"

அவர் கார் சீட்டில் குவிந்திருந்த சால்வைகளில் மேலே கிடந்த ஒன்றை எடுத்து, "இத அப்பாவுக்குப் போத்துங்க" என்று கொடுத்துவிட்டு ஏறிவிட்டார்.

வீட்டில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நற்கருணைக்கு முன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பழக்கம் அவருக்கு. காலையிலிருந்து மாத்திரையும் போடவில்லை என்றாள் மனைவி. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சால்வையைப் பார்க்கவே இல்லை.

"சரி," என்றார். "அப்போ நான் காப்பி குடிச்சிரலாம்லா?"