தாயின் சால்வையைப் பிரித்துப் பார்த்த அண்ணி

எங்கள் அண்ணி மெக்சிகோவின் தெற்கு மலைப்பகுதியான வஹாக்காவில், நெசவு செய்யும் தாய்க்கு இளைய மகளாகப் பிறந்தவர். தகப்பனார் பேருந்து ஓட்டினார். ஸ்பானிஷ் படித்தால்தான் பிழைக்கலாம் என்று நினைத்த தாய், தமது மலைமொழியைப் பிள்ளைகளுக்குப் பழக்கவில்லை. தறியில் இருந்தபடி அவர் தமக்குள் முணுமுணுத்தது என்னவென்று அண்ணிக்குக் கடைசிவரை தெரியாது.

துணிக்கலை படிக்க நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்தவர், ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் அண்ணாவைச் சந்தித்தார். மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணாவிடம், அது தங்கள் நாட்டிலிருந்துதான் உலகத்துக்கே போனது என்றாராம். அண்ணா வீட்டில் வந்து சொல்ல, "மிளகாய் எங்கட சாமான். ஆர் அவள்?" என்று அம்மா கேட்டார். மறு ஆண்டு, அவரே அம்மாவின் மருமகளாக எங்கள் ஒனிஹங்கா வீட்டுக்கு வந்தார்.

அண்ணி முதலில் கற்ற தமிழ் "ஏன் மாமி?" என்பதுதான். வெள்ளிக்கிழமை ஏன் மரக்கறி, வாசலில் ஏன் செருப்பு என்று எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பார். பாதிக்கு மேல் எங்களுக்கே பதில் தெரியாது.

அண்ணியின் தாய் இறந்தபோது விமானம் பிடித்துப் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. தாய் நெய்த சால்வை ஒன்றை மட்டும் கொண்டுவந்தார். சில வாரங்களில், கூடத்தில் அமர்ந்து அதை இழை இழையாகப் பிரிக்கத் தொடங்கினார். அம்மா பதறிப்போனார்.

"செத்த மனுசியின்ர துணியைப் பிரிக்கலாமோ, பிள்ளை?"

"எப்படி நெய்தவ எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை மாமி. இனிப் பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

நடுப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு நெசவு வேறாக இருந்தது. இழைகள் தளர்ந்து, கரை சற்று வளைந்திருந்தது. அது தாயின் கை இல்லை என்று கண்ட அண்ணி, ஊரிலுள்ள தமக்கையாருக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணி பிறந்த வேளையில் பாதியில் நின்ற சால்வை அது. தாய் படுக்கையில் இருக்க, பக்கத்து வீட்டுப் பெண் வந்து கொஞ்சம் நெய்து கொடுத்தாராம். அண்ணி அன்று சிரித்தார், அழுதார், திரும்பவும் சிரித்தார். பிறகு அந்த நூல்களைக் கொண்டே புதிதாக நெய்தார். அயலவர் நெய்த பகுதிக்கு மட்டும் மஞ்சள் சாயம் ஏற்றினார்.

இதையெல்லாம் பார்த்திருந்த அம்மா, ஒருநாள் தமது கல்யாணக் கூறைச்சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து அண்ணியின் மடியில் வைத்தார். அதன் ஒரு முனை கிழிந்திருக்கும். காரணம் எங்களுக்குத் தெரியாது.

"இதையும் பிரிச்சுப் பார்."

அண்ணி மறுத்துவிட்டார். "நீங்கள் இருக்கிறியள்தானே மாமி. உங்களையே கேக்கிறன். ஏன் கிழிஞ்சது?"

அம்மா கிழிந்த முனையைக் கையில் எடுத்தார். பிறகுதான் சொன்னார். எனக்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தாள். போரில் இடம்பெயர்ந்து போன வழியில் காய்ச்சலில் இறந்தாள். புதைக்குமுன் அவளைச் சுற்ற வேறு துணி இருக்கவில்லை. எனக்கு ஓர் அக்கா இருந்ததை அன்றுதான் அறிந்தேன். பெயரென்ன என்று கேட்டவரும் அண்ணிதான். அம்மா பெயரைச் சொன்னார்.

சால்வையில் மிஞ்சிய நூலால் அந்தக் கிழிந்த முனைக்கு அளவாக ஒரு துண்டு நெய்து, அண்ணி சேலையோடு இணைத்தார். அதை உடுத்துக்கொண்டு அம்மா அண்ணியின் நெசவுக் கண்காட்சிக்குப் போனார். இது மெக்சிகோ வேலைதானா என்று அங்கே ஒருவர் ஐயப்பட்டார். "எங்கள் நெசவு மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. என்னவாகும் என்று எனக்கும் தெரியாது" என்றார் அண்ணி.

பிறகு வந்த புற்றுநோய் அண்ணியை விரைவாகவே வீழ்த்தியது. கடைசி நாட்களில் அம்மா அவரது கையைப் பிடித்தபடி, "பயமா இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார்.

"கொஞ்சம். ஆனா அங்க என்ன இருக்கெண்டு பாக்கவும் ஆசையா இருக்கு மாமி."

அண்ணியை வீட்டில் வைத்துப் பராமரிக்க உதவிய தாதிமார், சோறு கொண்டுவந்த அயலவர், இறுதிநாளில் தோள்கொடுத்த உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஓராண்டு நினைவுக்காக அண்ணியின் தமக்கையார் வந்திருக்கிறார். நேற்று அம்மா அவரை அருகில் இருத்தி, அண்ணாவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்: "என்ர பிள்ளை சின்ன வயசில என்ன விரும்பிக் குடிச்சவ?" கறுவாப்பட்டை போட்ட சோளக் கஞ்சி என்றார் அவர். இன்றைய படையலில் அம்மா காய்ச்சிய அந்தக் கஞ்சியும் இருக்கும். வந்திருக்கும் எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்.