பகவதியின் பாத்தியில் ஈரச்சாக்கு

1. முளைக்காத மல்லி

புரட்டாசி பாதியில் ஒரு காலை பகவதி போன் செய்தாள். "சார், ஒண்ணும் முளைக்கல்லே. கொஞ்சம் வந்து பாக்குதியளா?" குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

நான் அப்போது தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலர். தோவாளைப் பக்கம் மாற்றலாகி வந்த முதல் வருஷம். பகவதி பூச்சந்தையில் இருபது வருஷம் பூ கட்டியவள். ஈரத்திலேயே கிடந்து விரலெல்லாம் வெடித்துப்போய், இனி மண்வேலை பார்க்கலாம் என்று பதினைந்து சென்ட் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். கொத்தமல்லி போடும்மா, புரட்டாசி பிறந்ததுமே போட்டுவிடு என்று சொன்னவன் நான்தான்.

போய்ப் பாத்தியில் விரலை விட்டுத் தோண்டினேன். விதை போட்ட மேனிக்கே காய்ந்து கிடந்தது. அப்போதுதான் என் மடத்தனம் உறைத்தது. எனக்குச் சொந்த ஊர் மேற்கே மலையடிவாரத்துக் குலசேகரம். எங்கள் பக்கம் புரட்டாசியில் மண் குளிர்ந்து கிடக்கும், எதைத் தூவினாலும் வந்துவிடும். இங்கேயோ ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இன்னும் அடங்கவில்லை. காலையில் ஊற்றிய தண்ணீரைப் பத்து மணிக்குக் காணோம். மல்லிக்குச் சூட்டு மண் ஆகாது என்பது எனக்குத் தெரியாததா? ஒரே மாவட்டம்தானே என்று ஊர் நினைப்பில் தேதி சொல்லிவிட்டேன்.

நிலத்துக்காரர் வரப்பில் வந்து நின்றார். "ஏட்டி பகவதி, வாழை வைக்க ஆளு நிக்கான். பத்து நாளு பாப்பேன். பச்சை தெரியல்லன்னா நிலத்த விட்டுரு" என்றார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

2. சாக்குக்கு அடியில்

ஐப்பசி மழைக்குப் பிறகு போடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பத்து நாளில் மழைக்கு எங்கே போவது? பகவதி குனிந்து பாத்தியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள்.

"சார், உச்சி வெயில்ல பூவு வாடாம இருக்க ஈரச்சாக்கு போட்டு மூடுதோம்லா. விதைக்கும் அதப் போட்டா என்ன?"

செய்து பாரும்மா என்றேன். அன்றிரவே விதையை உடைத்து ஊறவைத்தாள். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் விதைத்து, சந்தைக் கடைகளில் கேட்டு வாங்கிய பழைய சாக்குகளை நனைத்து விரித்தாள். காற்று தூக்காமலிருக்க ஓரமெல்லாம் கல் வைத்தாள். தினமும் மூன்று வேளை சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தாள்.

நான் ஆபீஸ் நேரத்திலேயே தினமும் போனேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன? ஒருநாள் உச்சி வேளையில் சாக்குக்கு அடியில் கையை நுழைத்தேன். வெளியே மண்ணில் கால் வைக்க முடியவில்லை. உள்ளே தண்ணீர் நிறைந்த மண்பானையின் அடியைத் தொட்டது போல் சில்லென்று இருந்தது. அம்மாடியோ என்றேன்.

விதைத்த எட்டாம் நாள். காலையில் திறந்தால் வெயில் தின்றுவிடும் என்று சாயந்திரம் வரை காத்திருந்தாள். முதல் சாக்கைத் தூக்கினாள். பாத்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முளை. ஒவ்வொன்றும் வெளிறிய இரண்டு இலையோடு நிற்கிறது. அடுத்த சாக்கு, அதற்கடுத்த சாக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் அப்படியே. சர்வீஸில் எத்தனை லட்சம் முளை பார்த்திருப்பேன்! அன்று மேலெல்லாம் புல்லரித்து அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். பகவதி சிரிக்கவில்லை. வெடித்த விரலால் ஒரு முளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் நிலத்துக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுப் பாத்தியோரமாக நடந்தார். "வாழைக்காரன வேற எடம் பாக்கச் சொல்லுதேன்" என்றார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். யாருக்கும் தேதி சொல்லும் முன்னால் அவர்கள் நிலத்தில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நில்லுங்கள். அவர்கள் இதுவரை என்ன வேலை பார்த்தார்கள் என்று கேளுங்கள். பகவதிக்கு விதை மானிய விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தபோது நானும் கேட்கத்தான் செய்தேன். பூ கட்டினேன் சார் என்றாள் பகவதி. விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன்.