ஸ்டார்ட்டர் இல்லாத புது வண்டி

அந்த அக்காவை நினைக்கும்போது முதலில் கண்ணில் வருவது அவர் மடியில் இருந்த ரோஜா மாலைதான். வாழை இலையில் சுற்றி, நார் போட்டுக் கட்டியிருந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் அப்போது நான் வேலை பார்த்த சின்ன கார் ஷோரூமுக்கு, வண்டி எடுக்கச் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மகளோடு வந்து உட்கார்ந்துவிட்டார். மாலையை மேசைமேல் வைக்கச் சொன்னோம். வைக்கவில்லை. வண்டிக்குப் போடுகிற மாலையைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது என்றார். மதியம் வரை அது அவர் மடியிலேயே இருந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு, வண்டி கிடைக்காமல் திரும்பிப் போனார். வண்டி தயாராக இல்லை என்பது அவர் உள்ளே நுழைந்தபோதே எனக்குத் தெரியும். ஏன் தயாராக இல்லை என்பதும் தெரியும்.

நான் அங்கே ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பழுதுபார்க்க வரும் வண்டிகளுக்கு வேண்டிய உதிரி பாகங்களை வரவழைத்து, எண் பார்த்து அலமாரியில் வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் ஒன்று சொல்லும், அலமாரி வேறொன்று சொல்லும். இரண்டு இருக்கிறது என்று திரையில் காட்டும். போய்ப் பார்த்தால் தூசிதான் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எல்லோரிடமும் திட்டு வாங்குவதுதான் என் வேலை என்று பல நாள் தோன்றியிருக்கிறது. மெக்கானிக் திட்டுவார், மேனேஜர் திட்டுவார், வண்டிக்காரர் திட்டுவார். பாகத்தை அனுப்பாத கம்பெனி கிடங்கை மட்டும் யாராலும் திட்ட முடியாது. அங்கே போனை யாரும் எடுப்பதில்லை.

அந்த முறை தவறு என்னுடையது. எங்கள் முதலாளிக்கு நெருங்கிய டாக்டர் ஒருவரின் வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது. சாவியைத் திருப்பியதும் எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார் அது. அது இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. ஸ்டாக்கில் ஒன்று இருப்பதாகத் திரையில் பார்த்துவிட்டு, சாயங்காலமே வண்டி தயார் என்று நான் சொல்லிவிட்டேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது டீசல் வண்டியின் ஸ்டார்ட்டர். மேலே ஒட்டியிருந்த எண் சரி, உள்ளே இருந்த பொருள் தப்பு. இரண்டு மாதம் முன்பு அதை வாங்கி வைத்தபோது பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் வரவு வைத்தவள் நான். அன்றைக்கு முப்பது பெட்டிகள் வந்திருந்தன என்பதெல்லாம் காரணம் ஆகாது.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. அதுதான் என்னை மாட்டிவிட்டது. கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. எல்லோருடைய பிள்ளைகளின் பெயரும் நினைவு வைத்திருப்பார். யாருக்கும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "விடும்மா, பின்னாடி யார்டுல அதே மாடல் நிக்குது பாரு. டெலிவரிக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. அதுல இருந்து எடுத்துக் குடு. கம்பெனியில இருந்து ரெண்டு நாள்ல வந்துடும், மாட்டிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். விற்ற வண்டியில் கை வைப்பதா என்று கேட்க எனக்கு வாய் இருந்தது. உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை. சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டி யாருடையது என்று அப்போது பார்க்கவில்லை. டெலிவரிக்கு முந்தின நாள்தான் பார்த்தேன். பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் இருந்து, மீன் விற்கும் ஒரு பெண்.

கிடங்கில் இருந்து ஸ்டார்ட்டர் வரவில்லை. பேப்பர் வேலை பாக்கி என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார் மேனேஜர். ஷோரூமில் இருந்த விற்பனைக்காரர்கள் தங்களுக்கு வேறு வேலை இருப்பதுபோல நழுவ, அந்தப் பொய் என் தலையில் விழுந்தது. அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். "இன்னாம்மா, இன்னிக்காவது பேப்பரு வந்துச்சா?" என்பார். இல்லை என்பேன். பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார்: கூடையோடு ஏறினால் பஸ்ஸில் இருந்து இறக்கிவிட்டிருக்கிறார்களாம், ஆட்டோக்காரர் கூடையைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாராம். மகள் நர்ஸ். வேலை கிடைத்ததும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதலில் அம்மாவைத்தான் உட்கார வைப்பேன் என்றிருக்கிறாள். "மீனு எல்லாம் ஏத்த மாட்டோம்மா, பயப்படாத. நானு குளிச்சிட்டுதான் குந்துவேன்" என்று சிரித்தார். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் ஃபாதரிடம் மந்திரித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவர் போனதும் கிடங்குக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மாலையோடு திரும்பிப் போனதில் இருந்து பதினோராவது நாள் அவர் ஷோரூமுக்குள் போகாமல் நேரே பின்னால் என் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"நேத்து எம்பொண்ணு பின்னாடி கேட்டாண்ட நின்னு பாத்துகினு வந்துச்சு. வண்டி அங்கதான் கீது. நாலு சக்கரமும் கீது. அப்புறம் இன்னாதான் இல்ல? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். சலிப்புதான் வந்தது. மேனேஜர்மேல், கிடங்குமேல், என்மேல். சாவியை எடுத்துக்கொண்டு அவரை யார்டுக்கு அழைத்துப் போனேன். பானட்டைத் தூக்கிக் காட்டினேன். "இங்க ஒரு மோட்டார் இருக்கணும்க்கா. அது இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாது. கழட்டி வேற ஒருத்தர் வண்டிக்குப் போட்டுட்டாங்க. எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது நான்தான்."

அவர் குனிந்து அந்தக் காலி இடத்தை வெகுநேரம் பார்த்தார். விரல் விட்டுத் தொட்டும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சத்தமே போடாமல் சொன்னார்: "செவுளப் புடுங்கி வித்துட்டு, முழு மீனுன்னு எங்கையில குடுக்கப் பாத்தீங்களே." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, கூடை, கத்தி, ஈரப் புடவை எல்லாவற்றோடும் நேராக ஷோரூமுக்கு வந்தார். ஏசி ஓடிய கண்ணாடிக் கூடத்தின் நடுவில், புது மாடலுக்கு எதிரே போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்து, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் கூடம் முழுக்க மீன் வாசனை. கார் பார்க்க வந்த ஒரு குடும்பம் வாசலோடு திரும்பியது. மேனேஜர் ஓடி வந்து, உள்ளே அறையில் உட்காரலாம், காபி சாப்பிடலாம் என்று கெஞ்சினார்.

"வாசனை வருதா சார்?" என்று கேட்டார் அக்கா. "வண்டியக் குடு. நானும் போயிடுறேன், வாசனையும் போயிடும்."

மாலைக்குள் வண்டி கிளம்பத் தயாராகிவிட்டது. எப்படி என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். யார்டில் அதே மாடல் இன்னொன்று நின்றது. மேனேஜர் இன்னொரு சீட்டை என்முன் நீட்டினார். இந்த முறை பெயரைப் பார்த்தேன். மயிலாப்பூரில் அத்தர்க் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கூடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார்.  உண்மையைச் சொன்னதால் நான் சாதித்தது, ஒரு வண்டியில் இருந்த ஓட்டையை அடுத்த வண்டிக்குத் தள்ளியதுதான்.

சாவியை வாங்கும்போது அக்கா என்னைத் தனியாக அழைத்தார். "புது சாமான் வந்துச்சா?" என்றார். மீனின் கண்ணைப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்கிறவரிடம் என் கண்ணை மறைக்க முடியாது. "இல்லக்கா. இன்னொருத்தர் வண்டியில இருந்து எடுத்தது" என்றேன். அவர் கை சாவியோடு அப்படியே நின்றது. திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். மகள் ஏற்கெனவே ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தார். "அவங்ககிட்டயும் எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லிடு" என்றார். சொல்கிறேன் என்றேன். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்லவில்லை. அத்தர்க் கடைப் பெரியவர் கோபப்படவே இல்லை. அதனால் சொல்ல வேண்டிய நெருக்கடியும் வரவில்லை. போன் செய்வார். "பரவால்லம்மா, நிதானமா குடுங்க. உங்களுக்கும் எவ்ளோ வேலையோ" என்பார். கத்தியிருந்தால், வந்து உட்கார்ந்திருந்தால், மூன்றாவது வண்டி ஒன்றைத் தேடியிருப்போம். அவர் மரியாதையாகப் பேசினார். அதனால் ஐந்து வாரம் காத்திருந்தார். ஸ்டார்ட்டர் ஒருவழியாக வந்து இறங்கிய அன்று, அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. ஏற்றினால் வேறு யாருக்காவது போய்விடும். பெட்டியைப் பிரித்து, சரியான பொருள்தானா என்று இரண்டு தடவை பார்த்து, கையிலேயே யார்டுக்கு எடுத்துப் போய், மெக்கானிக் அதை மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். முறைப்படி வரவு வைக்காததற்கு அன்று மாலை எனக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

வண்டி எடுக்க வந்த பெரியவர் என் ஜன்னலுக்கு வந்து, "உங்களாலதாம்மா கிடைச்சுது. எங்களுக்காக ரொம்ப அலைஞ்சீங்களாமே, மேனேஜர் சொன்னாரு" என்று கைகூப்பினார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நானும் கைகூப்பினேன். என்னிடம் சண்டைக்கு வந்தவருக்கு உண்மையைச் சொன்னேன்; நன்றி சொன்னவருக்குச் சொல்லவில்லை. அந்தக் கடை இருக்கும் தெரு வழியாகப் போக வேண்டி வந்தால், இப்போதும் எதிர்ப்பக்கமாகவே நடக்கிறேன்.

இப்போது அடையாறில் பெரிய டீலர் ஒருவரிடம் இருக்கிறேன். இங்கே கையெழுத்துச் சீட்டு கிடையாது. விற்ற வண்டியில் இருந்து பாகம் எடுப்பதற்குத் திரையில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள், அதற்கு நாகரிகமாக ஒரு பெயரும் சூட்டியிருக்கிறார்கள். போன வாரம் அதை அழுத்தச் சொன்னார்கள். அழுத்துவதற்கு முன் அந்த வண்டியை வாங்கியவருக்குப் போன் செய்து, இன்ன பாகத்தை எடுக்கப் போகிறார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். பத்து நிமிடம் கத்தினார். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். போனை வைத்ததும் இங்கே மேலே கூப்பிட்டு, வாடிக்கையாளரிடம் இதையெல்லாம் யார் பேசச் சொன்னது என்று கத்தினார்கள். அந்தப் பாகத்துக்காகக் காத்திருந்த பழுதான வண்டியின் சொந்தக்காரர் தன் பங்குக்கு மறுநாள் வந்து கத்தினார். பட்டனை நான் அழுத்தவில்லை. அந்தப் பாகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.