வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள்

ஜெர்மனியில் வாழ்க்கைப்பட்ட மகள், அந்த ஊர்ப் பண்டிகைகளைத் தொலைபேசியில் சொல்வாள். மாசி வாக்கில் மாறுவேட ஊர்வலம், பங்குனி கடைசியிலோ சித்திரையிலோ தோட்டத்தில் ஒளித்துவைக்கும் வண்ண முட்டைகள், ஐப்பசி முடிவில் காகித விளக்கேந்திப் பாடிப்போகும் பிள்ளைகள். நம் மாதத்தோடு பொருத்தி நாட்குறிப்பில் எழுதிக்கொள்வேன்.

சென்ற கார்த்திகையில் பண்டிகை நேரிலேயே வந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியான மகளுடன் அவள் மாமியாரும் பெரம்பலூர் வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும், பச்சை இலை வளையத்தில் நிறுத்திய நான்கு மெழுகுவர்த்திகளை வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவது அவர்கள் வழக்கம். நான் சவுக்குக் கிளைகள் ஒடித்து வந்தேன். முதல் ஞாயிறன்று சம்பந்தியம்மாள் பகல் முழுக்க உட்கார்ந்து வளையம் கட்டி, அந்தியில் கூடத்தில் வைத்து ஒன்றை ஏற்றினார்.

பார்த்த என் மனைவி என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டாள்.

"என்னங்க இது, சாவு வூட்டுக்குக் கொண்டுபோற மலர்வளையமாட்டம் இருக்கு. அதுல ஒத்தை விளக்கு வேற. வாயும் வயிறுமா இருக்கிறவ எதிர்லயா?"

"அவங்க பண்டிகை. வருஷா வருஷம் பண்றாங்க."

"பண்ணட்டும், அவங்க வூட்ல."

சொன்னால் சம்பந்தி மனம் நோகும். சொல்லாவிட்டால் இவள் தூங்கமாட்டாள். நான் யோசிப்பதற்குள் அவள் போய் மீதி மூன்றையும் ஏற்றிவிட்டாள். சம்பந்தியம்மாள் எரிந்த தீக்குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணொண்ணா காத்திருந்து ஏத்துறதுதாம்மா பண்டிகையே. நீ இன்னிக்கே கிறிஸ்துமஸை முடிச்சு வச்சுட்ட" என்றாள் மகள்.

"அப்ப இந்த வளையத்தை நாம எங்க வைப்போம்னு அவங்ககிட்ட சொல்லு."

மகள் எதையும் மறைக்காமல் ஜெர்மனில் சொன்னாள். கேட்டவர் மருமகளின் வயிற்றை ஒருமுறை பார்த்தார். மெழுகுவர்த்திகளை எடுத்து வைத்துவிட்டு, பகல் முழுக்கக் கட்டிய வளையத்தைப் பிரித்தார். கிளைகளைத் தாம்பாளத்தில் நீளவாக்கில் பரப்பி நான்கையும் வரிசையாக நிறுத்தினார். மூன்றை அணைக்கக் குனிந்தார்.

"வாயால ஊத வேணாம்னு சொல்லு" என்று மனைவி அவசரமாகப் பூ எடுத்துக் கொடுத்தாள். பூவால் அமர்த்தினார். மிஞ்சிய ஒன்றின் பக்கத்தில், மனைவி காமாட்சி விளக்கைக் கொண்டுவந்து வைத்து ஏற்றினாள்.

"இப்ப ஒத்தை இல்ல. இருக்கட்டும்."

சம்பந்தியம்மாள் அந்த விளக்கைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இதை எத்தனை வாரம் ஏத்தணும்னு கேக்குறாங்கம்மா."

"வாரக் கணக்கெல்லாம் இல்ல, தெனமும்தான்னு சொல்லு" என்றாள் மனைவி.