கம்பம்மெட்டில் எடுத்த அந்தப் படம்

எழுதிப் பழக்கமில்லை, தப்பாக நினைக்காதீர்கள்.

இன்று ஏலத்தோட்ட வேலைக்கு அம்மாவோடு ஜீப்பில் போனேன். கேரள எல்லையில், கம்பம்மெட்டு சோதனைச்சாவடியில் கொரோனா செயலியைக் காட்டச் சொன்னார்கள். எங்கள் வீட்டின் ஒரே போனில் நான் ஏற்றி வைத்திருந்த செயலி, தொற்றுள்ளவர் அருகில் இருந்ததாகச் சிவப்பு காட்டியது.

"எனக்குக் காச்சலே இல்லையே. நேத்து சந்தைக்கு இவ அப்பாதான போனைக் கொண்டு போனாக," என்றாள் அம்மா.

யாரும் காதில் வாங்கவில்லை. எங்களை இறக்கிவிட்டார்கள்.

"அதப் போட்டா நம்ம போற வர எடமெல்லாம் கவர்மெண்டு பாக்கும்னு அப்பவே சொன்னேன்ல," என்றார் அதே ஜீப்பில் வந்த பக்கத்துவீட்டு மதினி. சொல்லிக்கொண்டே அந்தத் திரையோடு அம்மாவின் முகத்தையும் படம் பிடித்தார்.

நாங்கள் மலையிறங்குவதற்குள் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. இனி குழாயடியில் அம்மாவை யாரும் சேர்க்கமாட்டார்கள்.

செயலியை நொடியில் நீக்கிவிட்டேன். கேட்டுப் பயனில்லை என்று தெரியும். ஆனாலும், அந்தப் படம் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்களேன்.